இரண்டாம் ஏட்டில் தொடங்கும் நூல்

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்திலேயே 412 படங்களைப் பின்னிருந்து முன்னாக அடுக்கிவைத்தேன். யூதர்களின் சமயச் சட்ட நூலான தல்மூத்துக்கு எழுதிய உரைச் சுவடி ஒன்றின் படங்கள் அவை. படம் எடுப்பவர் வேறொருவர். எடுத்ததைச் சரிபார்த்து, எது முதல் ஏடு, எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று பெயர் கொடுத்துச் சேமிப்பது என் வேலை. எபிரேயம் வலமிருந்து இடமாகப் போகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வரி அப்படிப் போகும் என்பதோடு என் புத்தி நின்றுவிட்டது. புத்தகமும் அந்தப் பக்கமிருந்துதான் திறக்கும், முதுகு வலக்கைப் பக்கம் இருக்கும் என்பது உறைக்கவில்லை. போதாததற்கு, எப்போதோ யாரோ கடைசி ஏட்டிலிருந்து தொடங்கிப் பென்சிலில் 1, 2, 3 என்று எண் போட்டு வைத்திருந்தார்கள். எண் இருக்கிறதே என்று நம்பிவிட்டேன்.

கண்டுபிடித்தவர் எங்கள் பிரிவின் மூத்த பட்டியலாளர். ஓய்வு பெற இரண்டு ஆண்டு பாக்கி இருந்த அம்மையார். திரையில் நாலைந்து படங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "முடிவில் தொடங்கி முதலுக்குப் போகிறாரே இந்த உரைகாரர், ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், திட்டவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றினேன்.

அந்த ஒரு வாரத்தில் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எழுத்தே தெரியாதவர்களுக்கும் உதவும். கையெழுத்துச் சுவடியில் எட்டு ஏடு, பத்து ஏடு என்று மடித்துத் தைத்த கட்டு இருக்கும். ஒரு கட்டின் கடைசிப் பக்கத்தில், கீழ் ஓரத்தில், தனியாக ஒரு சொல் நிற்கும். அடுத்த கட்டின் முதல் சொல் அதுதான். தைப்பவர் கட்டுகளை வரிசை மாற்றிவிடாமல் இருக்க எழுத்தர் போட்டுவைத்த அடையாளம். அந்தச் சொல்லின் உருவத்தை அடுத்த ஏட்டின் முதல் சொல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், வரிசை சரியா தப்பா என்று தெரிந்துவிடும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். அதன் பிறகு ஒரு சுவடிக்குக்கூட இந்தச் சோதனை செய்யாமல் நான் பெயர் கொடுத்ததில்லை. பென்சில் எண்ணை நம்புவதையும் விட்டுவிட்டேன்.

நான் அதற்கு முன் ஊரில் ஓலைச்சுவடிகளைப் படம் எடுக்கும் திட்டம் ஒன்றில் நான்கு ஆண்டு இருந்தவன். அந்த அனுபவத்தைக் காட்டித்தான் இந்த வேலையே கிடைத்தது. சுவடி என்றால் சுவடிதானே என்ற நினைப்பு. ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் பழகிய கை. இங்கே தோல் ஏடு. எண்ணெயும் ஆகாது, ஈரமும் ஆகாது. கிடங்கிலிருந்து வாசிப்பறைக்கு வந்ததும் உடனே விரிக்கவும் கூடாது. தோல், அறையின் ஈரப்பதத்தைக் குடித்து நெளியும், சுருளும். ஒரு மணி நேரமாவது பெட்டியிலேயே வைத்து அறைக்குப் பழக விட வேண்டும். தொலைக்காட்சியில் காட்டுகிற வெள்ளைக் கையுறையும் கிடையாது. கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து ஏட்டின் ஓரத்தைக் கிழித்துவிடுவோம். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய வைத்துக்கொண்டு தொடுவதுதான் முறை.

தல்மூத் என்றால் என்னவென்று ஓரளவு படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். யூதர்களின் வாய்மொழிச் சட்ட மரபை கி.பி. 200 வாக்கில் ரபி (யூத சமய ஆசான்) யூதா ஹநாசி தொகுத்தது மிஷ்னா. அதன் மேல் பல தலைமுறை அறிஞர்கள் நடத்திய வாதப் பிரதிவாதம் கெமரா. இரண்டும் சேர்ந்தது தல்மூத். பாலஸ்தீனத்தில் உருவானது ஒன்று, அதை எருசலேம் தல்மூத் என்பார்கள். பாபிலோனில் உருவானது இன்னொன்று, அளவிலும் செல்வாக்கிலும் பெரியது. வெறுமனே தல்மூத் என்றால் அதுதான். இன்று புழங்கும் அச்சுப் பதிப்பில் 2,711 ஏடுகள். நாளுக்கு ஓர் ஏடு என்று உலகம் முழுக்க ஒரே நாளில் ஒரே ஏட்டைப் படிக்கிற வழக்கம் 1923-ல் தொடங்கியது. ஒரு சுற்று முடிய ஏழரை ஆண்டு ஆகும்.

அச்சிட்ட பக்கத்தைப் பார்த்தால் யாருக்கும் கண் விரியும். நடுவில் மூலம். தையலை ஒட்டிய உள்பக்கம் ராஷி உரை. வெளிப்பக்கம் தோசாஃபோத் என்னும் உரைக்குமேல் உரை. ராஷி வடபிரான்சின் த்ருவா நகரக்காரர், 1040-ல் பிறந்து 1105-ல் இறந்தவர். தோசாஃபோத்தைத் தொடங்கியவர்களில் அவருடைய பேரன்களும் உண்டு. தாத்தா ஒரு பக்கம், தாத்தாவை மறுக்கிற பேரன் மறு பக்கம், நடுவில் மூலம். மூலத்தைச் சுற்றி உரை, உரையைச் சுற்றிச் சண்டை என்பது நமக்கும் பழகிய சங்கதிதான் என்பதால் அந்தப் பக்க அமைப்பு எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது. எனக்கு வந்த தொல்லையெல்லாம் அந்தப் பிடிப்பிலிருந்துதான் வந்தது. அச்சுப் பக்கத்தை மனதில் பதித்துக்கொண்டு கையெழுத்துச் சுவடிக்குள் போனேன்.

அந்தப் பக்க அமைப்பு சுவடியில் பிறந்ததல்ல. ராஷியும் தோசாஃபோத்தும் மூலத்தைச் சுற்றி நிற்கும்படி முதலில் அச்சிட்டது இத்தாலியில் யோசுவா சாலமோன் ஸோன்சினோ. 1483/84-ல் வந்த பெராகோத் பகுதி அது. பிறகு வெனிஸ் நகரில் டேனியல் போம்பெர்க். ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்த கிறிஸ்தவர், யூதரல்ல. போப் பத்தாம் லியோவின் அனுமதியோடு 1520 முதல் 1523 வரை முழு பாபிலோனியத் தல்மூத்தையும் அச்சிட்டார். அவர் போட்ட ஏட்டு எண்தான் இன்றுவரை மேற்கோள் முறை. மக்கோத் 19ஆ என்றால் மக்கோத் பகுதி, பத்தொன்பதாம் ஏடு, பின்பக்கம். எந்த ஊர்ப் பதிப்பானாலும் அதே இடம்.

என்னுடைய இரண்டாவது பெரிய தப்பு இங்கேதான். பழைய அச்சு நூல்களின் நிலை அறிக்கை எழுதச் சொன்னார்கள். கிழிசல், பூச்சி அரிப்பு, குறைந்த ஏடுகள் என்று குறிக்க வேண்டும். நான் பார்த்த தல்மூத் பகுதிகள் ஒவ்வொன்றிலும் முகப்புப் பக்கத்துக்கு அடுத்து நேராக இரண்டாம் ஏடு என்று எண் இருந்தது. "முதல் ஏடு இல்லை" என்று பதினோரு நூல்களுக்கு வரிசையாக எழுதினேன். பதினோரு நூலிலும் ஒரே ஏட்டைத் திருடிய ஆள் யாராக இருக்கும் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அம்மையார் அறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தல்மூத்தின் பகுதிகள் அநேகமாக எல்லாமே இரண்டாம் ஏட்டில்தான் தொடங்கும். முகப்பு ஏட்டையே ஒன்றாக எண்ணிவிட்டார்கள், அவ்வளவுதான் காரணம். ஆனால் எவ்வளவு படித்தவனும் முதல் பக்கத்தையே இன்னும் எட்டவில்லை என்று நினைவில் வைத்துக்கொள்ளத்தான் இப்படி என்று மரபில் ஒரு விளக்கமும் சொல்வார்கள். அச்சகத்துக்காரர் செய்ததற்குத் தத்துவம் கண்டுபிடிப்பதில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

சரி, சுவடிக்கு வருகிறேன். கையெழுத்துக் காலத்தில் மூலம் ஒரு நூல், ராஷி உரை வேறு நூல், தோசாஃபோத் இன்னொரு நூல். பெரும்பாலும் தனித்தனி. படிப்பவன் இரண்டு மூன்று சுவடிகளை எதிரே பரப்பிக்கொண்டு படிப்பான். ராஷியின் உரையைத் தோசாஃபோத்காரர்கள் "குந்த்ரஸ்" என்றே சொன்னார்கள், குறிப்பேடு என்று பொருள். உரைச் சுவடியில் மூலம் முழுதாக இருக்காது. விளக்கப் போகிற வரியின் முதல் இரண்டு மூன்று சொல்லை மட்டும் எடுத்து எழுதிவிட்டு விளக்கம் தொடரும். அந்தத் தலைச்சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் நம் பாடு சுலபம். எழுத்தர் சிக்கனக்காரராக இருந்துவிட்டால் எது மூலச்சொல், எது உரை என்று பிரிப்பதற்குள் பொழுது போய்விடும். நான் முதலில் இந்த உரைச் சுவடிகளை "மூலம் சிதைந்த பிரதி" என்று குறித்துவந்தேன். சிதையவில்லை, மூலம் அதில் இருந்ததே இல்லை.

"ராஷி எழுத்து" என்று ஒரு வகை எழுத்து உண்டு. அதுவும் என்னைக் குழப்பியது. ராஷி உரை அந்த எழுத்தில்தான் எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்து, பிரான்சு நாட்டுச் சுவடியில் அதைத் தேடினேன். ராஷி அந்த எழுத்தில் எழுதியதே கிடையாது. ஸ்பெயின் பக்கத்து யூதர்களின் சரிவெழுத்தை மாதிரியாக வைத்து, மூலத்திலிருந்து உரையைப் பிரித்துக் காட்ட அச்சகத்தார் வார்த்த எழுத்து அது. ராஷியின் வேதாகம உரை 1475-ல் ரெஜியோ டி கலாப்ரியாவில் அந்த எழுத்தில் அச்சானது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

முழுத் தல்மூத்தும் அநேகமாகக் குறையில்லாமல் கையெழுத்தில் கிடைப்பது உலகத்தில் ஒன்றே ஒன்று. ம்யூனிக் நகரில் பவேரிய அரசு நூலகத்தில், எபிரேயச் சுவடி 95 என்ற எண்ணில் இருக்கிறது. பிரான்சில் 1342-ல் எழுதப்பட்டது. ஐந்நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட ஏடுகள் கொண்ட ஒரே தொகுதிக்குள் அத்தனையையும் அடக்க வேண்டுமென்றால் எழுத்து எவ்வளவு பொடியாக இருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எருசலேம் தல்மூத்தின் நிலைமையும் இதுதான். நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள 1289-ஆம் ஆண்டுச் சுவடி ஒன்றுதான் அநேகமாக முழுமையானது. எழுதியவர் ரோமாபுரியைச் சேர்ந்த யெஹியேல் பென் யெகுத்தியேல். போம்பெர்க் தன் எருசலேம் தல்மூத்தை அச்சிட்டபோது அச்சகத்தில் புழங்கிய சுவடி அதுவே.

ஏன் இவ்வளவு குறைவு? எரித்ததுதான் பெரிய காரணம். 1240-ல் பாரிசில் தல்மூத்தை விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள். 1242-ல் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்தார்கள். 24 வண்டி என்று சொல்வது வழக்கம். அச்சுக்கு முந்தைய காலம், ஒவ்வொன்றும் ஒருவன் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது. பிறகு 1553 செப்டம்பர் 9, யூதர்களின் புத்தாண்டு நாளில், ரோமில் காம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் எரித்தார்கள். தொடர்ந்து இத்தாலியின் மற்ற ஊர்களிலும். இதைப் படித்த மறு வாரம் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். வெளியாள் என்பதால் வாசகர் அட்டை கொடுக்கும் முன் ஓர் உறுதிமொழியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார்கள். நூலகத்துக்குள் நெருப்பையோ சுடரையோ கொண்டுவர மாட்டேன், மூட்ட மாட்டேன் என்று அதில் ஒரு வரி. வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கேயுள்ள ஒரு சுவடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடீஸ் எழுதிய பெரிய சட்டத் தொகுப்பின் ஒரு பகுதி, ஹண்டிங்டன் 80 என்பது அதன் எண். கடைசியில் மைமோனிடீஸ் தன் கைப்பட எழுதிய வரி இருக்கிறது. இந்தப் பிரதி என்னுடைய நூலோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிழை மலிந்த பிரதிகள் அவர் காலத்திலேயே சுற்றத் தொடங்கிவிட்டன போலிருக்கிறது. நான் பார்த்தது திரையில்தான். படம் இருக்கும்போது மூலத்தைக் கேட்டால் பெரும்பாலான நூலகங்களில் தரமாட்டார்கள், கேட்பதும் நியாயமில்லை. மையின் மினுமினுப்பையோ தையலையோ பார்க்க வேண்டியிருந்தால் அதைக் காரணமாக எழுதிக் கேட்க வேண்டும். "பார்க்க ஆசை" என்று எழுதினால் வேலைக்கு ஆகாது.

எரியாமல் தப்பியவற்றுக்கு வேறு விதி. இத்தாலியில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பத்திரம் எழுதுகிறவர்கள் தங்கள் பதிவேடுகளுக்கு அட்டை போட எபிரேயத் தோல் ஏடுகளை வாங்கினார்கள். தோல் உறுதியானது, பழைய தோல் மலிவானது. பறிமுதல் ஒரு காரணம். அச்சு வந்ததால் கையெழுத்துப் பிரதிக்கு மதிப்புக் குறைந்தது இன்னொரு காரணம். மொதேனா, பொலோனியா போன்ற ஊர்களின் ஆவணக் காப்பகங்களில் இப்படி ஆயிரக்கணக்கான ஏடுகள் அட்டைகளிலிருந்து வெளிப்பட்டிருக்கின்றன. சொத்துப் பத்திரத்துக்கும் கடன் கணக்குக்கும் மேலுறையாகத் தல்மூத்.

யூதர்கள் தாங்களாகப் பழைய ஏட்டை எறிவதில்லை. இறைவன் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது என்பதால் தொழுகைக் கூடத்தில் ஓர் அறையில் போட்டுவைப்பார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்து அறையிலிருந்து 1896-97-ல் அறிஞர் சாலமோன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்த குவியலில் மட்டும் ஒரு லட்சத்து தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். தல்மூத் ஏடுகளோடு, 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் இருந்து வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் அந்தத் தொகுப்பில் உண்டு. நம் ஊரில் ஆடிப்பெருக்கன்று பழைய ஓலைகளை ஆற்றில் விட்ட கதை எல்லோருக்கும் தெரியும். இரண்டு இடத்திலும் மரியாதைதான் காரணம். ஒருவர் அறையில் போட்டார், ஒருவர் ஆற்றில் போட்டார். விளைவு எவ்வளவு வேறு.

காலிப் பக்கம் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. சேமிப்பு இடம் மிச்சமாகட்டும் என்று நான் ஒரு மாதம் எழுத்தில்லாத ஏடுகளின் படங்களை நீக்கிவந்தேன். சிறு உருவில் பார்த்தால் காலியாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் ஒரு ஆராய்ச்சியாளர், கடைசி ஏட்டின் பின்பக்கம் எங்கே என்று கேட்டு எழுதினார். மூலப் படத்தை எடுத்துப் பெரிதாக்கினால், மங்கிய பழுப்பு மையில் இத்தாலிய எழுத்தில் ஒரு கையெழுத்து. தணிக்கையாளருடையது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இத்தாலியில் யூத வீடுகளிலிருந்த நூல்களைத் திருச்சபையின் ஆட்கள் வரவழைத்துப் படித்து, வேண்டாத வரியை அடித்துவிட்டுக் கடைசியில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார்கள். அந்தப் பணியைச் செய்தவர்கள் பலரும் யூத சமயத்திலிருந்து மதம் மாறியவர்கள். எபிரேயம் படிக்கத் தெரிந்தவன் வேண்டுமே. தொமெனிகோ ஜெரோசொலிமிதானோ என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கையெழுத்து இருந்தால் அந்த ஆண்டில் அந்த நூல் இத்தாலியில் இருந்தது என்று அடித்துச் சொல்லலாம். நான் நீக்கிக்கொண்டிருந்தது அந்தச் சாட்சியை. நல்லவேளை, மூலப் படங்கள் காப்பு வட்டில் இருந்தன.

அடித்த வரிகளில் ஒரு வேடிக்கை. தணிக்கையாளரின் மை பல இடங்களில் மங்கிப்போய், அடியில் இருக்கிற எழுத்து இப்போது நன்றாகவே படிக்கக் கிடைக்கிறது. ஆகவே கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் "படிக்க இயலாது" என்று எழுதிவிடாதீர்கள். சாய்வாக வெளிச்சம் விட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஆண்டுக் கணக்கிலும் வழுக்கும். சுவடியின் முடிவுக் குறிப்பில் எழுத்தர் தன் பெயர், யாருக்காக எழுதினார், எந்த நாளில் முடித்தார் என்று சொல்லியிருப்பார். எண்ணுக்குத் தனி உரு கிடையாது, எழுத்துகளே எண். ஆயிரத்தை விட்டுவிட்டு நூறு, பத்து, ஒன்றை மட்டும் எழுதுவார்கள். பதினைந்துக்குப் பத்தும் ஐந்தும் எழுதாமல் ஒன்பதும் ஆறும் எழுதுவார்கள்; பத்தும் ஐந்தும் சேர்ந்தால் இறைவன் பெயரின் பகுதியாகிவிடும். எபிரேய ஆண்டிலிருந்து 3,760-ஐக் கழித்தால் நம் ஆண்டு. லைடன் சுவடியின் 5049-ல் 3,760 போனால் 1289. ஆனால் அவர்களுக்குப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வருகிறது. அதிலிருந்து டிசம்பருக்குள் முடித்த சுவடி என்றால் 3,761 கழிக்க வேண்டும். மாதம் தெரியாவிட்டால் சாய்கோடு போட்டு இரண்டு ஆண்டும் எழுதுவதே நேர்மை. ஸோன்சினோ பதிப்புக்கு 1483/84 என்று மேலே நான் எழுதியதும் அந்த வழியில்தான். அது 5244-ஆம் ஆண்டு. சில நூல்களில் ஒரு வேதவசனத்தை எழுதி, அதில் சில எழுத்துகளின் தலையில் மட்டும் புள்ளி வைத்திருப்பார்கள். புள்ளி வைத்த எழுத்துகளைக் கூட்டினால் ஆண்டு வரும். புள்ளியை ஈ எச்சம் என்று நினைத்துத் துடைக்கக் கிளம்பாமல் இருந்தால் சரி.

வரி ஓரம் இன்னொரு பொறி. எபிரேய எழுத்தர்கள் வரி முடிவில் சொல்லை உடைத்து மீதியை அடுத்த வரியில் எழுத மாட்டார்கள். வலப்பக்கம் போல இடப்பக்கமும் ஒரே நேராக நிற்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. மிச்சமிருக்கிற இடத்தை நிரப்பக் கடைசி எழுத்தை இழுத்து எழுதுவார்கள், அல்லது அடுத்த சொல்லின் முதல் இரண்டு எழுத்தை அங்கே போட்டுவிட்டு, அடுத்த வரியில் அந்தச் சொல்லை முதலிலிருந்து மறுபடி எழுதுவார்கள். அந்த இரண்டு எழுத்தைத் தனிச் சொல்லாக எடுத்துக்கொண்டு அகராதியில் தேடி நான் செலவழித்த மாலைப் பொழுதுகளுக்குக் கணக்கில்லை.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு, வீட்டிலிருந்தபடியே தொடங்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகமெங்கும் இருக்கிற எபிரேயச் சுவடிகளை 1950 முதல் நுண்படமாகத் திரட்டிய தொகுப்பு எருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அந்த நூலகத்தின் 'க்தீவ்' தளத்தில் எந்தச் சுவடி எந்த ஊரில் என்ன எண்ணில் இருக்கிறது என்று தேடலாம், பலவற்றுக்குப் படமும் உண்டு. ம்யூனிக், லைடன் சுவடிகள் முழுதும் இணையத்தில் கிடைக்கின்றன. 'செஃபாரியா' தளத்தில் மூலமும் ராஷியும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசம். நூலகத்துக்கு எழுதும்போது சுவடியின் எண்ணைத் துல்லியமாகக் கொடுங்கள். "உங்களிடம் உள்ள பழைய தல்மூத்" என்று எழுதினால் பதில் வராது. பென்சில் கொண்டுபோங்கள், பேனாவை வெளியே வைத்துவிடச் சொல்வார்கள்.

மக்கோத் 19ஆ என்று உதாரணம் சொன்னேன் அல்லவா, அதைச் சும்மா சொல்லவில்லை. அந்த இடத்தில் ராஷி உரை பாதியில் நிற்கிறது. "நம் ஆசிரியரின் உடல் தூயது, அவர் உயிர் தூய்மையில் பிரிந்தது, இதற்கு மேல் அவர் விளக்கவில்லை, இங்கிருந்து அவர் மாணவர் ரபி யூதா பார் நாத்தானின் மொழி" என்று உரைக்குள்ளேயே ஒரு குறிப்பு. அதற்கடுத்த வரியில் மாணவர் தொடர்கிறார். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பட்டியலில் "ராஷி உரை" என்று ஒற்றை வரியில் போட்டுவிட்டால் இது காணாமல் போய்விடும். உரை யாருடையது, எந்த இடம் வரை என்று முழுக்கப் புரட்டிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

கடைசியாக, எனக்கே கிடைத்த துண்டு. ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு லத்தீன் சட்ட நூலின் அட்டை உள்புறத்தில் எபிரேய எழுத்து தெரிந்தது. தோல் ஏட்டை வெட்டி ஒட்டியிருந்தார்கள். முக்கால்வாசி பசையில் மறைந்திருந்தது. தெரிந்த இடத்தில் மற்ற வரிகளைவிடப் பெரிதாக ஒரு வரி: "ஹத்ரான் அலாக் எலு..." அதற்கு மேல் மடிப்புக்குள் போய்விட்டது. முதலிரண்டு சொல்லும் எனக்கு அதற்குள் பழக்கம். தல்மூத்தில் ஒரு அதிகாரம் முடிந்ததும் அந்த அதிகாரத்தைப் பார்த்து "உன்னிடம் திரும்பி வருவோம்" என்று சொல்லிவிட்டு அதன் பெயரை எழுதுவார்கள். நாம் "போகிறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வரேன்" என்று சொல்வோமே, அதே மாதிரி. அதிகாரத்துக்குப் பெயர் அதன் முதல் சொற்கள்தான், பாட்டை முதலடியால் அழைப்பது போல. எலு என்றால் "இவை". எனக்குத் தெரிந்த எலு ஒன்றே ஒன்று: "எலு மெட்சியோத்". கண்டெடுத்த பொருள்களைப் பற்றிய அதிகாரம், பாவா மெட்சியா பகுதியில் இரண்டாவது. பள்ளிப் பிள்ளைகள் பலரும் முதலில் படிப்பது அதைத்தான். துள்ளிக் குதித்து அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்டெடுத்த துண்டு, கண்டெடுத்த பொருள் பற்றியது! எவ்வளவு அழகு.

அம்மையார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "எலு என்று தொடங்கும் அதிகாரம் அரை டஜனுக்கு மேல் இருக்கிறது. கீழ் வரியைப் படித்தீர்களா?" என்றார். படிக்கவில்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் சொல் அங்கே பாதி பசைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெஹேமா. விலங்கு. பாவா மெட்சியாவில் அடுத்த அதிகாரம் அப்படித் தொடங்காது. ஒருவர் இன்னொருவரிடம் அடைக்கலமாக வைத்த பொருளைப் பற்றித் தொடங்கும். விலங்கு என்று தொடங்குவது ஹுல்லின் பகுதியின் நான்காம் அதிகாரம், பிரசவத்தில் தவிக்கிற கால்நடையைப் பற்றியது. அதற்கு முந்தைய அதிகாரம் "எலு தெரேஃபோத்": எந்தெந்தக் கோளாறு உள்ள கால்நடையைத் தின்னக் கூடாது என்பது. நுரையீரலில் ஓட்டை, முறிந்த எலும்பு என்று கசாப்புக்கடைச் சமாசாரம். அட்டையைப் பிரித்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அட்டையும் ஒரு சாட்சி. எந்த ஊரில் எந்தக் காலத்தில் ஒட்டினார்கள் என்று பசையும் நூலும் சொல்லும், பிரித்தால் அது போய்விடும். ஆறு கோணத்தில் படம் எடுத்தோம். பட்டியலில் நான் எழுதியதை அடித்துவிட்டு அவர் சொல்லச் சொல்லத் திரும்ப எழுதினேன்: "முன்னட்டை உள்புறம், தோல் ஏட்டுத் துண்டு. பாபிலோனியத் தல்மூத், ஹுல்லின், 3-ஆம் அதிகார முடிவும் 4-ஆம் அதிகாரத் தொடக்கமும். அட்டையிலிருந்து பிரிக்கப்படவில்லை."